எர்லாங்கனில் வெள்ளைப் பணியாரம்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் கல்யாண வீட்டில் காலைப் பந்தியில் உட்கார்ந்தவர்களுக்கு வெள்ளைப் பணியாரம் எது என்று சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பச்சரிசியையும் உளுந்தையும் ஒன்றாக ஊறவைத்து, மைய அரைத்து, புளிக்க விடாமல், ஒரு சின்னக் கரண்டி மாவை அள்ளிக் காய்ந்த எண்ணெயின் நடுவில் ஊற்ற வேண்டும். மாவு அடியில் போய், உடனே மேலே வந்து, நடுவில் உப்பி, ஓரம் மெல்லிசாகப் பிரிந்து மொறுமொறுக்கும். ஒரு தடவை திருப்பிப் போட்டு, நிறம் மாறுவதற்குள் எடுத்துவிட வேண்டும். குழிப்பணியாரம் வேறு. அது குழிச்சட்டியில் சொட்டு எண்ணெயில் வேகிறது. இது எண்ணெயில் மிதந்து வேகிறது. தொட்டுக்கொள்ள வரமிளகாய்த் துவையல்.

எங்கள் வீட்டில் இது தினப்படிப் பலகாரம் இல்லை. நாள் கிழமை, விருந்தாள் வந்த மறுநாள் காலை, விடுமுறைக்குப் பேரன் பேத்திகள் எல்லாரும் கூடியிருக்கும் நாள், இப்படித்தான் வரும். ஆயா, அதாவது என் அம்மாவின் அம்மா, அடுப்பின் முன்னால் நின்றபடி ஒவ்வொன்றாக ஊற்றி ஊற்றி எடுப்பார்கள். நாங்கள் வரிசையாக உட்கார்ந்திருப்போம். ஒருவன் தட்டில் விழுந்து, இன்னொருவன் தட்டில் விழுந்து, மறுபடி நம் முறை வருவதற்குள் கையில் இருக்கிற துவையலை நக்கிக் காலி செய்திருப்போம். கடைசியாகத்தான் ஆயா சாப்பிடுவார்கள்.

நான் இப்போது இருப்பது ஜெர்மனியில், நியூரம்பெர்க் பக்கத்தில் உள்ள எர்லாங்கன். இந்த ஊர்க்காரர்களின் காலைச் சாப்பாடு ரொட்டி, வெண்ணெய், பாலாடைக்கட்டி, அவித்த முட்டை, ஜாம். ரொட்டி இங்கே அருமையாக இருக்கும், குறை சொல்ல மாட்டேன். கம்பு மாதிரி மணக்கும் அந்தக் கறுப்பு ரொட்டி எனக்கு இன்றைக்கும் பிடிக்கும். ஆனால் காபியும் முட்டையும் தவிர அந்த மேசையில் சூடாக எதுவும் இருக்காது. காலையில் அடுப்பு எரிகிற சத்தமோ, எண்ணெய் மணமோ இல்லாத ஞாயிற்றுக்கிழமை எனக்கு விடிந்த மாதிரியே இருக்காது.

வெளிநாட்டில் இருக்கிற நம்மவர்கள் ஊர்ச் சாப்பாட்டு ஏக்கத்தைப் பெட்டியில் கொண்டுவந்து தீர்த்துக்கொள்வது வழக்கம். முறுக்கு வரும், சீடை வரும், அதிரசம் வரும், இட்லிப் பொடி வரும். மெதுவடையும் பரோட்டாவும் உறைய வைத்த பொட்டலமாக இந்தியக் கடைகளில் கிடைக்கின்றன. வெள்ளைப் பணியாரத்துக்கு இந்த வழி எதுவும் கிடையாது. அதன் ஆயுள் சட்டியிலிருந்து தட்டுக்கு வந்து பத்து நிமிடம். அதற்குள் ஓரம் நமுத்துவிடும், நடுப்பகுதி அமுங்கிவிடும், உள்ளே இருக்கிற ஈரம் வெளியே வந்து எண்ணெயோடு சேர்ந்து பிசுபிசுக்கும். மைக்ரோவேவில் சூடாக்கினால் ரப்பர். இங்கே உள்ள இந்திய உணவகங்களில் பெரும்பாலானவை நாண் ரொட்டி, பட்டர் சிக்கன் வகை. அங்கே போய்ப் பணியாரம் கேட்க முடியாது. ஆகவே இந்த ஏக்கத்துக்கு ஒரே இடம் சொந்த அடுப்புதான்.

இப்படித் தவித்தவர்களில் நான் முதல் ஆள் இல்லை. செட்டிநாட்டிலிருந்து பர்மாவுக்கும் மலேயாவுக்கும் சிங்கப்பூருக்கும் கொண்டுவிற்க, அதாவது வியாபாரத்துக்கும் வட்டித் தொழிலுக்கும் போனவர்கள் பெரும்பாலும் குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டுத்தான் போனார்கள். பெட்டியடியில், அதாவது பணப்பெட்டியின் முன்னால் உட்கார்ந்து கடையைப் பார்த்துக்கொண்ட ஏஜெண்டுகளுக்கு ஒரு தவணை என்பது வழக்கமாக மூன்று வருஷம். மூன்று வருஷம் ஆயா கைச் சமையல் இல்லாமல் என்ன செய்தார்கள்? சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்ட்ரீட்டிலும் பினாங்கிலும் இருந்த கிட்டங்கிகளில் பல வட்டிக்கடைகள் ஒரே கூரையின் கீழ் நடந்தன. ராத்திரி அங்கேயே பாய் விரித்துப் படுப்பார்கள், ஊரிலிருந்து வந்த சமையல்காரர் சமைப்பார், எல்லாரும் சேர்ந்து சாப்பிடுவார்கள். பினாங்கில் 1857-லும் சிங்கப்பூர் டேங்க் ரோட்டில் 1859-லும் தண்டாயுதபாணிக்குக் கோயில் கட்டியவர்கள், அடுப்பையும் அதே கவனத்தோடு பார்த்துக்கொண்டார்கள் என்று நினைக்கிறேன். ஒருத்தர் சட்டியைப் பலர் பங்கு போட்டுக்கொள்வது என்ற ஏற்பாடு எனக்கும் பிறகு உதவியது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் அளவு. ஊரில் அளவு சொல்வது இப்படி: ஒரு ஆழாக்குப் பச்சரிசியைத் தலை தட்டி அளந்துகொள், அதன் மேல் உளுந்தைக் கோபுரமாக, வழிகிற வரைக்கும் கொட்டு, அவ்வளவுதான். கேட்க எளிதாக இருக்கும். ஆனால் இந்த ஊர்க் காபிக் கோப்பையில் அதையே செய்தால் பணியாரம் கல்லாக வரும். காரணம் கோப்பையின் வாய். வாய் அகன்ற பாத்திரத்தில் கோபுரம் பெரிதாக நிற்கும், குறுகலான உயரக் கோப்பையில் அரிசி நிறையப் பிடித்து மேலே உளுந்து கொஞ்சம்தான் நிற்கும். ஆயா சொன்ன அளவு அந்தப் பித்தளை ஆழாக்குக்கு உரியது. இதைத் தொலைபேசியில் கேட்டு, அங்கே அளந்து, இங்கே தராசில் நிறுத்துப் பார்த்தோம். 200 கிராம் அரிசிக்கு ஏறக்குறைய 50 கிராம் உளுந்து. நாலுக்கு ஒன்று. உளுந்து கூடினால் எண்ணெய் குடிக்கும், குறைந்தால் உள்ளே கெட்டியாகும். ஊரிலிருந்து குறிப்பு வாங்குகிறவர்கள் எல்லாருக்கும் இதைத்தான் முதலில் சொல்வேன்: டம்ளர் கணக்கை அப்படியே எழுதிக்கொள்ளாதீர்கள், அம்மாவின் டம்ளரை அவர்கள் சமையலறையிலேயே ஒரு தடவை எடை போட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்தது அரிசி. இங்கே பேரங்காடியில் மலிவாகக் கிடைப்பது மில்ஷ்ரைஸ் என்ற குட்டை அரிசி, பாலில் வேகவைத்துச் சாப்பிடுவதற்கு. அது ஒட்டும் ரகம். அரைத்தால் மாவு கோந்தாக இழுக்கும், பணியாரம் உப்பாது. தாய்லாந்து மல்லிகை அரிசியும் ஏறக்குறைய அந்தப் பக்கம்தான். வேகவைத்தால் உதிரியாக வருகிற பச்சரிசி வேண்டும். பொன்னிப் பச்சரிசி கிடைத்தால் நல்லது, இல்லையென்றால் சோனா மசூரி. புது அரிசியைவிடப் பழைய அரிசி நன்றாக வரும்.

உளுந்துக்கு நான் போவது நியூரம்பெர்க்கில் ஈழத்து அண்ணை ஒருவர் நடத்தும் கடைக்கு. தோல் நீக்கிய முழு உளுந்துதான் வாங்க வேண்டும், உடைத்தது வேண்டாம். பொட்டலத்தில் எந்த மாதம் கட்டியது என்று பாருங்கள். வருஷக்கணக்கில் கடை அலமாரியில் கிடந்த உளுந்து எவ்வளவு அரைத்தாலும் பொங்காது. அவரிடம் கேட்டால் மறைக்காமல் சொல்வார்: "தம்பி, இது பழசு. வெள்ளிக்கிழமை புதுசு வரும், அப்ப வாங்கோ." ஒரு கிலோ விற்கிற வாய்ப்பை விட்டுவிட்டு இப்படிச் சொல்கிற கடைக்காரர் இருக்கிற ஊர் நல்ல ஊர். அவர் வீட்டில் பருத்தித்துறை வடை தட்டுவார்களாம். அதுவும் மொறுமொறுப்புதான், ஆனால் வாரக்கணக்கில் கெடாமல் இருக்கும். அந்த விஷயத்தில் அவர் என்னைவிடக் கொடுத்து வைத்தவர்.

ஊறவைப்பது இரண்டு மணி நேரம், அதற்கு மேல் வேண்டாம். ராத்திரியே ஊறப்போட்டுத் தூங்கிவிட்டால் தானியம் தண்ணீரை அளவுக்கு மீறி இழுத்துக்கொள்ளும், அந்த மாவு எண்ணெயைக் குடிக்கும். அரைப்பதில் இன்னொரு சிக்கல். நம் ஊர் மிக்ஸியும் கிரைண்டரும் இங்கே தாராளமாக ஓடும், இங்கும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான். பிளக் மட்டும் பொருந்தாது. எர்த் உள்ள, வாட் தாங்குகிற அடாப்டராக வாங்குங்கள். விமான நிலையத்தில் விற்கும் பயண அடாப்டர்கள் போன் சார்ஜ் செய்வதற்குத்தான் சரி. சிக்கல் மின்சாரத்தில் இல்லை, சத்தத்தில். ஜெர்மனியில் ராத்திரி 10 மணியிலிருந்து காலை 6 மணி வரைக்கும் அமைதி நேரம், ஞாயிற்றுக்கிழமை நாள் முழுவதும் அமைதி நாள். மர மாடிக் கட்டடத்தில் ஞாயிறு காலை மிக்ஸி போட்டால் கீழ் வீட்டுக்காரரின் மேசையும் சேர்ந்து அதிரும். அதனால் பணியாரத்தை ஞாயிற்றுக்கிழமையிலிருந்து சனிக்கிழமைக்கு மாற்றிவிட்டேன். காலை எட்டரைக்கு மேல் அரைத்தால் யாரும் எதுவும் சொல்வதில்லை. கடைகளும் ஞாயிறு மூடியிருக்கும். ஏதாவது குறைந்தால் சனிக்கிழமை ஓடிப்போய் வாங்கிவரலாம்.

முந்தின ராத்திரியே அரைத்து வைத்துக்கொண்டால் என்ன என்று பலர் கேட்கிறார்கள். வடை மாவைக்கூட உப்பு போடாமல் குளிர்பெட்டியில் வைத்துச் சமாளிக்கலாம். பணியார மாவு லேசாகப் புளித்தாலே சிவக்கும், வெள்ளை போய்விடும். ஆனால் இதே காரணத்தால்தான் குளிர்நாட்டில் இருக்கிறவர்களுக்கு நான் இட்லியைவிட இதைப் பரிந்துரைப்பேன். ஜனவரி மாதத்தில் இட்லி மாவைப் பொங்க வைக்க ஓவனுக்குள் விளக்குப் போட்டு, போர்வை சுற்றி என்னென்னவோ செய்கிறோம். இதற்குப் புளிக்கவே வேண்டாம். ஊறவைத்த நேரத்திலிருந்து மூன்று மணி நேரத்தில் தட்டுக்கு வந்துவிடும்.

மிக்ஸியில் அரைக்கும்போது ஜாடி சூடாகும், அதனால் குளிர்ந்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, நிறுத்தி நிறுத்தி அரைக்க வேண்டும். விரலில் தேய்த்தால் நெறுநெறுப்பு இருக்கவே கூடாது. தோசை மாவைவிட ஒரு துளி தளர்வு. உப்பு, அரைத் தேக்கரண்டி சர்க்கரை, கடைசியில் இரண்டு கரண்டி பால். பாலும் சர்க்கரையும் இதற்கு மேல் போனால் அவையே சிவக்க வைத்துவிடும். மாவு கெட்டியாக இருந்தால் பணியாரம் உருண்டையாக, நடுவில் வேகாமல் வரும். நீர்த்துவிட்டால் எண்ணெயில் சிதறும், ஒரு கரண்டி அரிசி மாவு கலந்தால் சரியாகும்.

எண்ணெய்க்கு வருகிறேன். ஊரில் செக்குக் கடலை எண்ணெய். இங்கே கடலை எண்ணெய் சின்னப் பாட்டிலில், பெரிய விலையில் இருக்கும். சூரியகாந்தி எண்ணெயே போதும், ஆனால் புட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். கால்ட்கெப்ரெஸ்ட் என்றிருந்தால் குளிர்முறையில் ஆட்டியது, சூட்டில் சீக்கிரம் புகையும், நுரைக்கும். ராஃபினீர்ட் என்றிருப்பதுதான் பொரிக்க. நம் ஊரில் செக்கு எண்ணெய் என்றால் உயர்வு என்று பழகிய கை, இங்கேயும் தானாக அந்தப் புட்டிக்குப் போகும். 2022 வசந்தத்தில், உக்ரைன் போர் தொடங்கிய பிறகு, சூரியகாந்தி எண்ணெய் இருந்த அலமாரிகள் காலியாகி, ஒருவருக்கு இத்தனை புட்டிதான் என்று கடைகளில் எழுதி ஒட்டினார்கள். அந்த மாதங்களில் ராப்ஸ் எண்ணெயில், அதாவது கடுகுக் குடும்பத்துச் செடி ஒன்றின் எண்ணெயில் சுட்டேன். சுத்திகரித்ததாக இருந்தால் அதுவும் நன்றாகவே வருகிறது.

இவை எல்லாவற்றையும்விட முக்கியம் சட்டியும் சூடும். நம் வீட்டு இரும்புச் சட்டியின் அடி வளைவு. நடுவில் ஊற்றுகிற மாவு அந்தக் குழிவான இடத்தில் தடித்து, ஓரத்தில் மெலிந்து பரவுகிறது. நடு மெத்து, ஓரம் மொறு என்ற வடிவம் அங்கேதான் பிறக்கிறது. இங்கே உள்ள மின்சாரக் கண்ணாடி அடுப்பின் மேல் வளைந்த சட்டி நிற்காது, நின்றாலும் சூடேறாது. தட்டையான கறிச்சட்டியில் ஊற்றினால் பூரி மாதிரி பரந்து போகும். உள்ளங்கை அளவுக்கு மட்டும் அடி தட்டையாக, மேலே வளைந்து விரிகிற சின்ன இரும்பு வாணலி கிடைக்கும். அதை வாங்குங்கள். சின்னதாக இருந்தால் எண்ணெயும் குறைவாகச் செலவாகும். எப்படியும் ஒரு நேரத்தில் ஒன்றுதானே ஊற்றப்போகிறோம்.

கேஸ் அடுப்பில் கை திருப்பினால் உடனே தணியும். கண்ணாடி அடுப்பு அப்படி இல்லை, தானாகவே அணைந்து அணைந்து எரியும், நாம் குறைத்த பிறகும் சில நிமிடம் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும். இதற்கு ஒரு சமையல் வெப்பமானி உதவும். எண்ணெய் 180 பாகை செல்சியஸை ஒட்டி இருக்கட்டும். ஊற்றியதும் இறங்கும், அடுத்ததை ஊற்றுவதற்கு முன்னால் திரும்ப ஏறவிட வேண்டும். சூடு பற்றாவிட்டால் பணியாரம் அடியிலேயே கிடந்து எண்ணெய் குடிக்கும். கூடிவிட்டால் வெளியே சிவந்து உள்ளே பச்சை மாவு. ஆயா வெப்பமானி பார்த்ததில்லை, துளி மாவைக் கிள்ளிப் போட்டு அது மேலே வருகிற வேகத்தைப் பார்ப்பார்கள். நானும் இப்போது அதற்கே வந்துவிட்டேன். ஆனால் புது அடுப்போடு பழகுகிற காலத்தில் கருவியை வைத்துக்கொள்வதில் தப்பே இல்லை.

பாதுகாப்பைப் பற்றி இரண்டு வார்த்தை, இதைச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. பக்கத்தில் சட்டிக்குப் பொருந்துகிற மூடியை எடுத்து வைத்துக்கொண்டுதான் எண்ணெய் வையுங்கள். எண்ணெய் தீப்பிடித்தால் மூடியால் மூடி அடுப்பை அணைக்க வேண்டும், தண்ணீர் ஊற்றவே கூடாது. ஜெர்மன் வீடுகளில் படுக்கையறையிலும் நடையிலும் புகை அலாரம் கட்டாயம். சமையலறைக் கதவைச் சாத்தி, ஜன்னலைத் திறந்து வைத்துச் சுடுங்கள். குளிர்காலத்தில் நடையில் தொங்குகிற கோட்டுகளை முதலிலேயே உள் அறைக்கு மாற்றிவிடுங்கள், இல்லையென்றால் திங்கட்கிழமை அலுவலகத்துக்கு எண்ணெய் மணம் கூடவே வரும். மிச்ச எண்ணெயைத் தொட்டியில் கொட்டினால் குழாய் அடைக்கும். ஆறவிட்டு, வடிகட்டி, திரும்பப் பயன்படாததைப் புட்டியில் அடைத்து ரெஸ்ட்முல் என்ற பொதுக் குப்பையில் போடலாம்.

துவையல் எளிது. வரமிளகாய், சின்ன வெங்காயம், பூண்டு, கொஞ்சம் புளி, உப்பு. மிளகாயைச் சுடுதண்ணீரில் ஊறவைத்து எல்லாவற்றையும் அரைத்து, நல்லெண்ணெயில் கடுகு உளுந்து தாளித்துக் கொட்ட வேண்டும். சின்ன வெங்காயத்துக்கு இங்கே ஷாலட் பொருந்தும். கறிவேப்பிலைதான் கஷ்டம். அதை ஊரிலிருந்து பெட்டியில் கொண்டுவராதீர்கள். 2019 டிசம்பர் 14-லிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் செடி, இலை, பழம் எதைக் கொண்டுவந்தாலும் நோயில்லை என்ற சான்றிதழ் வேண்டும். விலக்கு ஐந்து பழங்களுக்கு மட்டும்: அன்னாசி, தேங்காய், டுரியான், வாழைப்பழம், பேரீச்சை. கறிவேப்பிலை எலுமிச்சைக் குடும்பத்துச் செடி. எலுமிச்சை, ஆரஞ்சுத் தோட்டங்களை அழிக்கிற நோயைப் பரப்பும் பூச்சி அதிலும் வாழும் என்பதால் அதன் மேல் கவனம் அதிகம். ஈழத்துக் கடைகளில் உறைய வைத்த கறிவேப்பிலை கிடைக்கும், தாளிக்க அது போதும்.

இவ்வளவும் சரியாக வந்த பிறகும் எனக்கு ஒரு குறை இருந்தது. தனியாகச் சுட்டால் சுடுகிறவனும் நான், சாப்பிடுகிறவனும் நான். ஒன்றை ஊற்றி, எடுத்து, நின்றபடியே தின்று, அடுத்ததை ஊற்றி... ருசி அதே ருசிதான். ஆனால் உட்கார்ந்திருக்கிறவன் தட்டில் சுடச்சுட இன்னொருவர் கொண்டுவந்து போடுவது இந்தப் பலகாரத்தில் ஒரு பாதி. அதை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. ஆயாவிடம் இதைச் சொன்னபோது, "அப்ப நாலு பேரைக் கூப்பிடுய்யா, ஒத்தையில சுடுற பலகாரமா இது?" என்றார்கள்.

கிட்டங்கி ஞாபகம் வந்தது அப்போதுதான். இப்போது எர்லாங்கனிலும் நியூரம்பெர்க்கிலுமாக நாங்கள் சில குடும்பங்கள் மாதம் ஒரு சனிக்கிழமை ஒரு வீட்டில் கூடுகிறோம். யார் வீட்டில் கூடுகிறோமோ அவர்கள் ஊர்ப் பலகாரம். திருநெல்வேலிக்காரர் வீட்டில் உளுந்த வடை, மதுரைக்காரர் வீட்டில் பூரி கிழங்கு, என் வீட்டில் பணியாரம். விதி ஒன்றே ஒன்று: அடுப்பில் நிற்கிற ஆள் மாறிக்கொண்டே இருக்க வேண்டும். பத்துப் பணியாரம் சுட்டவர் கரண்டியைக் கொடுத்துவிட்டுப் போய் உட்கார வேண்டும். யாரும் கடைசியில் ஆறியதைச் சாப்பிடக் கூடாது. இந்த ஏற்பாட்டில் பிள்ளைகளும் சுடப் பழகிவிட்டார்கள், பெரியவர் ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும் என்ற நிபந்தனையோடு.

கீழ் வீட்டு அம்மையார், எழுபதைத் தாண்டியவர், ஒரு சனிக்கிழமை மணம் வந்து மேலே ஏறி வந்தார். புகார் என்று நினைத்தேன். "உங்கள் வீட்டிலும் க்யுக்லே சுடுகிறீர்களா?" என்று கேட்டார். இந்த ஃபிராங்கன் வட்டாரத்தில் மாவை முழங்காலின் மேல் வைத்து இழுத்து மெல்லிசாக்கி, நெய்யிலோ பன்றிக் கொழுப்பிலோ பொரிக்கிற பலகாரம் ஒன்று உண்டு, தேவாலயத் திருவிழாவுக்குச் சுடுவார்கள். அதில் நடுப்பகுதி காகிதம் போல் மெல்லிசு, ஓரம் தடித்துச் சிவந்திருக்கும். நம் பணியாரத்துக்கு நேர் எதிர் வடிவம். அவரை உட்கார வைத்துச் சூடாக நாலு போட்டோம். துவையலை மட்டும் தள்ளி வைத்துவிட்டுச் சர்க்கரை கேட்டார். அடுத்த திருவிழாவுக்கு அவர் சுட்டதில் ஒரு தட்டு எங்களுக்கு வந்தது. அவருடைய அம்மா இருந்தவரைக்கும் வீட்டிலேயே சுட்டார்களாம், இப்போது எல்லாரும் ரொட்டிக் கடையில் வாங்குகிறார்களாம். ஊரை விட்டு எங்கும் போகாதவருக்கும் இந்த ஏக்கம் உண்டு என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

அடுத்தபடியாகக் கந்தரப்பம் என்ற செட்டிநாட்டு இனிப்பைச் செய்து பார்க்க ஆசை. அதற்கு நல்ல வெல்லம் வேண்டும். இங்கே கிடைக்கிற அச்சு வெல்லம் சிலவற்றில் உப்புக் கரிக்கிறது, பாகில் மண் தங்குகிறது. ஈழத்து அண்ணை தனக்குத் தெரிந்த இன்னொரு மொத்தக் கடையில் கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். ஆயா எடை போட்டுச் சொன்ன குறிப்பை எழுதித் தயாராக வைத்திருக்கிறேன். எர்லாங்கன், நியூரம்பெர்க், பாம்பெர்க் பக்கம் இருக்கிறவர்கள் நல்ல வெல்லம் எங்கே கிடைக்கிறது என்று தெரிந்தால் சொல்லுங்கள்.